நுண்ணுயிரும் புற்றும் – 9: அணில் குரங்கு சுமந்த வைரஸ்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்கு மேற்கே, சௌத்பரோ என்றொரு சிற்றூர். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் பொறுப்பில் இயங்கிய நியூ இங்கிலாந்து வட்டாரக் குரங்கின ஆய்வு மையம் 1966இல் அங்கே திறக்கப்பட்டது. லூயிஸ் மெலெண்டெஸ் என்ற வைரஸ் ஆய்வாளரின் குழு அங்கே அணில் குரங்கின் சிறுநீரகத்தைப் பொடிப்பொடியாக நறுக்கி, செல்களைப் பிரித்தெடுத்து, கண்ணாடிக் குப்பிகளில் வளர்த்துக்கொண்டிருந்தது. அப்படி வளர்ந்துகொண்டிருந்த செல்கள் ஒருமுறை தாமாகவே சாகத் தொடங்கின. எந்தக் கிருமியையும் யாரும் உள்ளே விடவில்லை.

குப்பியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கலாம். ஆனால் குரங்குச் சிறுநீரகத்தோடு பழகியவர்கள் அந்தக் காலத்தில் அவ்வளவு எளிதாக எதையும் கொட்டிவிட மாட்டார்கள். 1950களில் போலியோ தடுப்பூசிக்காக உலகம் முழுவதும் குரங்குச் சிறுநீரகச் செல்களில் வைரஸ் வளர்த்தார்கள். அதற்கு வேண்டிய ரீசஸ் குரங்குகள் லட்சக்கணக்கில் கப்பலேறியதும் விமானமேறியதும் இந்தியாவிலிருந்துதான். அந்தச் செல்களுக்குள் எஸ்.வி.40 என்ற அழையா விருந்தாளி பதுங்கியிருந்தது 1960இல் அம்பலமாகி, தடுப்பூசி உலகமே ஆடிப்போனது. அதன் பிறகு, தானாகக் கெட்டுப்போகும் குரங்குச் செல் என்றால் உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று பொருள்.

சௌத்பரோவிலும் இருந்தது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது ஹெர்பிஸ் குடும்பத்துக்கே உரிய உருவம். அதுவரை யாரும் பதிவு செய்யாத புது வைரஸ். அணில் குரங்கின் அறிவியல் பெயர் சைமிரி; ஆகவே வைரஸுக்கு ஹெர்பிஸ்வைரஸ் சைமிரி என்று பெயரிட்டு, மெலெண்டெஸ் குழு 1968இல் அதன் இயல்புகளை வெளியிட்டது. ஆய்வக விலங்குகளைப் பேணுவோர் படிக்கும் ஒரு சஞ்சிகையில் வந்த அடக்கமான கட்டுரை அது. புற்று என்ற பேச்சே அப்போது எழவில்லை.

ஹெர்பிஸ் குடும்பத்தின் குணம் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. சிறு வயதில் சின்னம்மை வந்து போகிறது. ஆள் தேறிவிடுகிறார், வைரஸ் போவதில்லை, நரம்பு முடிச்சுகளில் போய் ஒடுங்கிக்கொள்கிறது. நாற்பது, ஐம்பது வருடம் கழித்து உடல் தளரும் ஒரு நாளில் அதே வைரஸ் விலாப்புறத்தில் அக்கியாக வெடிக்கிறது. குயவரிடம் போய்க் காவி பூசி அக்கி எழுதிக்கொண்ட தலைமுறைக்கு, இவை இரண்டும் ஒரே கிருமியின் இரு வருகைகள் என்பது தெரியாது. வந்தால் ஆயுளுக்கும் தங்கும். பெரும்பாலும் சத்தம் காட்டாது. இதுதான் இந்தக் குடும்பம்.

குரங்குகளிலும் அப்படித்தான். ஆனால் அங்கே இன்னொரு வழக்கமும் தெரிந்திருந்தது. ரீசஸ் குரங்கின் வாயில் சிறு புண்ணோடு போய்விடும் பி வைரஸ், 1932இல் ஓர் ஆய்வாளரைக் குரங்கு கடித்தபோது அவர் உயிரையே வாங்கியது. அணில் குரங்குக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாத ஹெர்பிஸ் டி என்ற வைரஸ், மார்மோசெட், ஆந்தைக் குரங்கு ஆகிய வேறு குரங்கினங்களுக்குப் போனால் சில நாட்களில் கொன்றுவிடும் என்று 1960களில் கண்டிருந்தார்கள். சொந்த வீட்டில் சாது, அடுத்த வீட்டில் எமன்.

ஆகவே புது வைரஸைக் கையில் வைத்திருந்தவர்கள் கேட்ட அடுத்த கேள்வி இயல்பானது. இதை வேறு குரங்குக்குச் செலுத்தினால் என்ன ஆகும்?

செலுத்திப் பார்த்தார்கள். அதற்கான குரங்குகள் கைவசம் இருந்தன. தென் அமெரிக்காவின் சின்னஞ்சிறு டாமரின்களும் மார்மோசெட்டுகளும் மஞ்சள் காமாலை ஆய்வுக்காக அமெரிக்க ஆய்வகங்களுக்கு வந்துகொண்டிருந்தன. சிகாகோவில் ஃபிரீட்ரிக் டைன்ஹார்ட் அந்த வேலையில் பேர்பெற்றவர். இரவில் விழித்திருக்கும் பெரிய கண் ஆந்தைக் குரங்குக்கு மனித மலேரியாவைத் தொற்றவைக்க முடியும் என்று 1966இல் தெரியவந்ததிலிருந்து அதற்கும் கிராக்கி ஏறியிருந்தது. வேறு நோய்களுக்காக வந்து சேர்ந்த இந்த விலங்குகள்தாம் புது வைரஸின் முன்னால் நிறுத்தப்பட்டன.

ஹெர்பிஸ் டி போலக் கொப்புளமும் காய்ச்சலும் வந்து சாகும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நடந்தது வேறு. ஊசி போட்ட சில வாரங்களில் குரங்குகளின் நிணநீர் முடிச்சுகள் வீங்கின. மண்ணீரல் பெருத்தது. இறந்தவற்றை அறுத்துப் பார்த்தால் கல்லீரல், சிறுநீரகம் என எங்கு பார்த்தாலும் முதிராத நிணநீர்ச் செல்கள் புகுந்து, உறுப்பின் இயல்பான திசுவை ஓரங்கட்டியிருந்தன. சில ஆந்தைக் குரங்குகளின் ரத்தத்திலும் அந்தச் செல்கள் பெருகி, ரத்தப் புற்றின் தோற்றம் காட்டின. பஞ்சுபோன்ற வெள்ளைத் தலைமுடி கொண்ட பஞ்சுத்தலை டாமரின்களில் இந்த ஊசிக்குப் பின் ஏறத்தாழ எதுவும் பிழைப்பதில்லை.

1969இல் வெளியான கட்டுரையின் தலைப்பிலேயே வீரிய லிம்போமா, அதாவது நிணநீர்ச் செல்களின் புற்று, என்ற சொல் இருந்தது. மறு வருடம் ரொனால்டு ஹன்ட், நார்வல் கிங் முதலிய நோய்க்குறியியலாளர்கள் திசுக்களை விரிவாக விவரித்து எழுதியபோது, லிம்போமாவின் அம்சங்கள் கொண்ட ஒரு நோய் என்று ஓரடி பின்வாங்கிச் சொன்னார்கள். தொற்றுக்கு எதிராக உடல் பொங்கி எழும்போதும் நிணநீர்ச் செல்கள் இப்படிப் பெருகுவதுண்டு. இது அதுவா, அசல் புற்றா? வைரஸால் புற்று என்று அவசரமாக அறிவித்துப் பிறகு தலைகுனிந்தவர்களின் கதைகளை இந்தத் தொடரிலேயே பார்த்திருக்கிறோம். அந்தத் தயக்கம் அவர்களுக்குப் பெருமை சேர்ப்பதுதான்.

இந்தக் குழுவின் கட்டுரைகளைப் புரட்டும் தமிழ் வாசகர் ஆசிரியர் வரிசையில் ஓரிடத்தில் கட்டாயம் நிற்பார். மெலெண்டெஸுக்கும் ஹன்டுக்கும் இடையே முத்தையா டேனியல் என்றொரு பெயர் திரும்பத் திரும்ப வரும். இந்தப் பெயரை இன்னொரு முறையும் சந்திப்போம்.

சௌத்பரோவின் சேதி ஏன் அவ்வளவு பரபரப்பானது என்பதற்கு அந்த வருடங்களின் சூழலை நினைத்துக்கொள்ள வேண்டும். ஆப்பிரிக்கக் குழந்தைகளின் பர்கிட் கட்டியில் எப்ஸ்டீன், ஆச்சாங், பார் மூவரும் பின்னாளில் எப்ஸ்டீன்–பார் என்று பெயர் பெற்ற ஒரு ஹெர்பிஸ் வைரஸை 1964இல் கண்டிருந்தார்கள். கண்டதோடு சரி. அது கட்டியை உண்டாக்கியதா, அல்லது கட்டிக்குள் ஒண்டவந்த வழிப்போக்கனா என்பதில் சண்டை ஓயவில்லை. உலகில் பெரும்பாலான மனிதர்கள் அந்த வைரஸைச் சுமக்கிறார்கள் என்று தெரிந்தபோது சந்தேகம் இன்னும் கூடியது. எல்லோரிடமும் இருப்பது எப்படிச் சிலருக்கு மட்டும் புற்றாகும்? கோழிகளுக்குக் கட்டிகளைத் தரும் மாரெக் நோய்க்கு ஒரு ஹெர்பிஸ் வைரஸ் காரணம் என்று இங்கிலாந்தில் 1967இல் நிறுவினார்கள். ஆனால் கோழி கோழிதானே என்றனர் சந்தேகவாதிகள். மனிதனுக்கு ஊசி போட்டுப் பார்க்க முடியாது. குரங்கினத்தில், சுத்தமான ஒரு ஹெர்பிஸ் வைரஸைச் செலுத்தி, கண்முன்னே புற்றை வரவழைத்துக் காட்டியது இதுதான் முதல் முறை.

மறுப்பும் உடனே வந்தது. ஊசியில் போனது அந்த ஹெர்பிஸ் மட்டும்தானா? குரங்குச் செல்களில் வேறு வைரஸ்களும் ஒட்டிக்கொண்டிருக்கும். உண்மையான குற்றவாளி அவற்றில் ஒன்றாக, எலிகளிலும் கோழிகளிலும் புற்று தந்த ரெட்ரோவைரஸ்களின் இனத்தைச் சேர்ந்ததாக இருக்கலாமே? அமெரிக்க அரசின் புற்றுநோய் ஆய்வுப் பணத்தில் கணிசமான பங்கு அப்போது ரெட்ரோவைரஸ் வேட்டைக்குப் போய்க்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துக்கொண்டால், இந்தக் கேள்வியின் வேகம் புரியும்.

இதற்கு முடிவான பதில் 1978இல் வந்தது. ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தோடு பெயர் இணைந்துவிட்ட பெர்ன்ஹார்ட் ஃபிளெக்கன்ஸ்டைன், சௌத்பரோ குழுவோடு சேர்ந்து ஒரு காரியம் செய்தார். வைரஸின் உறை, ஓடு எல்லாவற்றையும் நீக்கி, உள்ளே இருந்த டி.என்.ஏ.வை மட்டும் தூய்மையாகப் பிரித்தெடுத்து, அதைக் குரங்குகளுக்குச் செலுத்தினார்கள். வெறும் டி.என்.ஏ. போதுமானதாக இருந்தது, கட்டி வந்தது. ரெட்ரோவைரஸின் மரபுப் பொருளோ ஆர்.என்.ஏ. அது ஒளிந்துகொள்ள இனி இடமில்லை.

அதற்குள் குடும்பத்தில் இரண்டாவது உறுப்பினரும் கிடைத்திருந்தது. மத்திய அமெரிக்கக் காடுகளில் நீண்ட கைகால்களும் வாலுமாகக் கிளை விட்டுக் கிளை தொங்கிச் செல்லும் சிலந்திக் குரங்கிலிருந்து, மெலெண்டெஸ் குழு 1972இல் ஹெர்பிஸ்வைரஸ் ஏட்டலிஸ் என்ற வைரஸை அறிவித்தது. கதை அச்சுப் பிசகாமல் அதேதான். சிலந்திக் குரங்குக்கு ஒன்றும் இல்லை. டாமரினுக்கும் ஆந்தைக் குரங்குக்கும் லிம்போமா. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1974இல் புற்று வைரஸ்களைக் கையாளும் பாதுகாப்பு விதிகளை வகுத்தபோது, இந்த இரண்டும் எப்ஸ்டீன்–பார் வைரஸும் ஒரே பட்டியலில், நடுத்தர அபாயம் என்ற தலைப்பின் கீழ் சேர்ந்தன.

சொந்த வீட்டில் ஹெர்பிஸ்வைரஸ் சைமிரி எப்படி வாழ்கிறது? சிகாகோவில் டைன்ஹார்டோடு பணிபுரிந்த லாரன்ஸ் ஃபால்க் அதைத் தேடினார். நோய்நொடியற்ற அணில் குரங்குகளின் ரத்தத்தை எடுத்து, அதிலிருந்த வெள்ளணுக்களை வேறு செல்களோடு சேர்த்து வளர்த்தார். சில நாட்களில் வைரஸ் வெளியே வந்தது. ரத்தத்தில் ஓடும் டி செல்கள் என்ற எதிர்ப்பாற்றல் செல்களுக்குள் அது ஒடுங்கிக் கிடக்கிறது. அங்கிருந்து அவ்வப்போது எச்சிலில் கலக்கிறது. குட்டி பிறக்கும்போது வைரஸ் இல்லாமல்தான் பிறக்கிறது. தாயின் முதுகிலும் கூட்டத்தின் நடுவிலும் வளரும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ ஒவ்வொரு குட்டிக்கும் தொற்றிவிடுகிறது. பிறகு ஆயுள் முழுக்க உடனிருக்கும். புற்று வருவதில்லை.

எத்தனையோ தலைமுறையாக ஒரே வீட்டில் இருந்து பழகிய குடித்தனக்காரர் போல, இருவருக்கும் எல்லை தெரிந்திருக்கிறது. அணில் குரங்கின் எதிர்ப்பாற்றல் வைரஸை எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்துகிறது. டாமரினின் உடல் அதை முன்பின் பார்த்ததில்லை. உள்ளே வந்த வைரஸ் டி செல்லைத் தூண்டிவிட, அது பிரிந்து பிரிந்து பெருகிக்கொண்டே போகிறது.

பார்த்திருக்கவும் வாய்ப்பில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. பஞ்சுத்தலை டாமரின் கொலம்பியாவின் வடமேற்குக் காடுகளில் மட்டுமே வாழ்கிறது. அணில் குரங்கின் பெரும் கூட்டங்கள் ஆண்டிஸ் மலைக்குக் கிழக்கே, அமேசான் படுகையில். காட்டில் சந்தித்துக்கொள்ளாத இரண்டும் சந்தித்தது வட அமெரிக்காவின் கூண்டுகளிலும் ஊசி முனையிலும்தான். ஊசிகூடத் தேவைப்படவில்லை என்பதற்கும் சான்று உண்டு. 1973இல் ஹன்ட் குழு ஓர் ஆந்தைக் குரங்கைப் பற்றி எழுதியது. அதற்கு யாரும் வைரஸ் செலுத்தவில்லை. தானாகவே லிம்போமா வந்தது. திசுவில் இருந்தது ஹெர்பிஸ்வைரஸ் சைமிரி. அணில் குரங்குகளை அடுத்தடுத்து அடைத்து வைத்திருந்த காலம் அது.

குரங்கு வியாபாரத்தைப் பற்றி இந்த இடத்தில் பேசாமல் போனால் கதை பாதிதான். பெருவின் இக்கிடோஸ், கொலம்பியாவின் லெட்டிசியா ஆகிய அமேசான் ஆற்றுத் துறைகளிலிருந்து அணில் குரங்குகள் ஆய்வகங்களுக்கும், வளர்ப்புப் பிராணி விற்கும் கடைகளுக்கும் போய்க்கொண்டே இருந்தன. 1959 மே 28 அன்று ராக்கெட்டில் ஏறி விண்வெளியைத் தொட்டுத் திரும்பிய பேக்கர் என்ற குட்டிக் குரங்கும் பெருவிலிருந்து வந்த அணில் குரங்குதான். மியாமியில் ஒரு கடையில் வாங்கினார்கள். பஞ்சுத்தலை டாமரின்களின் கணக்கு இன்னும் கசப்பானது. 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் மட்டும் 20,000 முதல் 40,000 வரை அமெரிக்காவுக்கு ஏற்றுமதியானதாக மதிப்பிடுகிறார்கள். 1974இல் கொலம்பியா தடை போட்டது. (இந்தியா ரீசஸ் ஏற்றுமதியை நிறுத்தியது 1978இல்.) அந்த டாமரின் இன்று அற்றுப்போகும் விளிம்பில் உள்ள குரங்குகளின் பட்டியலில் இருக்கிறது. காடு அழிந்தது முக்கியக் காரணம் என்பது உண்மை. ஆனால் அறிவியலின் பங்கைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

அந்த டாமரின்களின் உடலில்தான் இரண்டு முக்கியமான செய்திகள் எழுதப்பட்டன. முதலாவது, 1973இல் அமெரிக்காவின் ஷோப், டெகைரோ, மில்லர் மூவரும் எப்ஸ்டீன்–பார் வைரஸைப் பஞ்சுத்தலை டாமரினுக்குச் செலுத்தி லிம்போமா வந்ததைக் காட்டினார்கள். எப்ஸ்டீனும் அதே வருடம் ஆந்தைக் குரங்கில் முயன்றார். மனிதனின் சாதுவான வைரஸ் குரங்குக்குப் போனால் எமனாகிறது. அணில் குரங்கின் பாடம் மனிதனுக்கும் அப்படியே பொருந்தியது. வழிப்போக்கன் வாதத்துக்கு அது பலத்த அடி.

இரண்டாவது செய்தி ஏனோ அதிகம் பேசப்படுவதில்லை. ஜெர்மனியின் ரைனர் லௌஃப்ஸும் ஷ்டைன்கேயும் ஹெர்பிஸ்வைரஸ் சைமிரியைக் கொன்று தடுப்பூசியாக்கி டாமரின்களுக்குப் போட்டார்கள். பிறகு உயிருள்ள வைரஸைச் செலுத்தியும் லிம்போமா வரவில்லை. 1975 ஜனவரியில் நேச்சர் இதழில் இது வெளியானது. மனிதனின் நெருங்கிய உறவினத்தில் ஒரு புற்றைத் தடுப்பூசியால் தடுக்க முடியும் என்று காட்டிய அந்தச் சில பக்கங்கள், கல்லீரல் புற்றைத் தடுக்கும் மஞ்சள் காமாலை பி தடுப்பூசி சந்தைக்கு வருவதற்கு ஆறு வருடம் முந்தியவை. பத்து வருடம் கழித்து எப்ஸ்டீன் தன் வைரஸின் உறையிலிருந்து ஒரே ஒரு புரதத்தை எடுத்துத் தடுப்பூசி செய்து, அதே டாமரின் இனத்தில் அதே பலனைக் கண்டார். மனிதர்களுக்கான எப்ஸ்டீன்–பார் தடுப்பூசி இன்னும் மருந்துக் கடைக்கு வந்து சேரவில்லை.

1980களில் கேள்வி மாறியது. வைரஸ் புற்று தருகிறது என்பது சரி. அதன் எந்த மரபணு தருகிறது?

இதற்கும் விபத்து ஒன்று கைகொடுத்தது. ஆய்வகத்தில் திரும்பத் திரும்ப வளர்த்த ஒரு வகை வைரஸ், நன்றாகப் பெருகியது. ஆனால் குரங்குக்குப் புற்று தரும் திறனை இழந்திருந்தது. சௌத்பரோவில் ரொனால்டு டெஸ்ரோசியர்ஸும் கூட்டாளிகளும் அதன் டி.என்.ஏ.வை அளந்து பார்த்தபோது, இடது ஓரத்தில் ஒரு துண்டு காணாமல் போயிருந்தது 1984இல் தெரியவந்தது. பிறகு அந்த இடத்தையே வேண்டுமென்று வெட்டி எடுத்துப் பார்த்தார்கள். வைரஸ் வழக்கம்போலப் பெருகியது, புற்று மட்டும் தரவில்லை. ஆக, வைரஸின் பிழைப்புக்கு வேண்டியதும் புற்றுக்கு வேண்டியதும் வேறு வேறு. அந்த ஓரத்தில் உட்கார்ந்திருந்த மரபணுவுக்கு எஸ்.டி.பி. என்று பெயர். இந்த வைரஸின் வகைகளில் ஒன்றான சி வகையில் அதனருகே டிப் என்ற இன்னொன்றும் உண்டு. டி செல்லுக்குள் பிரிவதற்கான உத்தரவைக் கடத்தும் எல்.சி.கே. என்ற நொதியை அது பிடித்துக்கொள்கிறது. இந்த சி வகைக்கு வீச்சு அதிகம். ரீசஸ் குரங்குக்குக்கூட அது லிம்போமா தரும். மனித டி செல்களைக் குப்பியில் எடுத்து அதைத் தொற்றவைத்தால், அவை மாதக்கணக்கில் சாகாமல் பெருகிக்கொண்டே இருக்கும் என்று எர்லாங்கன் குழு 1992இல் காட்டியது. நீண்ட நாள் உயிரோடு இருக்கும் மனித டி செல் வேண்டிய ஆய்வகங்கள் அதன்பின் இந்தக் குரங்கு வைரஸைக் கேட்டு வாங்கின.

அதே 1992இல் வைரஸின் மரபுத்தொகுதி முழுவதும் வாசிக்கப்பட்டது. மையப் பகுதியில் 1,12,930 எழுத்துகள், எழுபதுக்கும் மேற்பட்ட மரபணுக்கள். இருபுறமும் ஒரே வரி திரும்பத் திரும்ப எழுதப்பட்ட வால்கள். வாசித்தவர்கள் திகைத்தது மரபணுக்களின் பூர்வீகத்தைப் பார்த்து. பல, வைரஸுக்கு உரியவையே அல்ல. எப்போதோ ஒரு குரங்கின் செல்லிலிருந்து உருவிக்கொண்டவை. செல் பிரிவதற்கான சக்கரத்தைச் சுழற்றும் சைக்ளின், செல் தற்கொலையைத் தடுக்கும் பி.சி.எல்.2 இனத்துப் புரதம், ரத்தத்தின் நிரப்புப் புரதங்களின் தாக்குதலை மழுங்கடிக்கும் கவசம், டி.என்.ஏ. கட்ட வேண்டிய மூலப்பொருள் செய்யும் நொதிகள்! அதற்கு முன்பே, 1988இல், யேல் பல்கலைக்கழகத்தின் ஜோன் ஸ்டைட்ஸ் குழு இந்த வைரஸில் சிறு ஆர்.என்.ஏ.க்கள் சிலவற்றைக் கண்டிருந்தது. அவை எதற்கு என்று தெரியவே இருபது வருடங்களுக்கு மேல் ஆனது. அவற்றில் ஒன்று, டி செல்லின் ஒரு நுண் ஆர்.என்.ஏ.வைப் பிடித்து அழிப்பதற்காம்.

திருட்டுப் பொருள்களில் ஒன்று மருத்துவத்தையே திருப்பியது. 1993இல் மார்செய் நகர ஆய்வாளர்கள் எலியின் டி செல்லிலிருந்து அடையாளம் தெரியாத ஒரு மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். இது எதைப் போலிருக்கிறது என்று தரவுத்தளங்களில் தேடினால், ஒத்துப்போனது ஹெர்பிஸ்வைரஸ் சைமிரியின் 13ஆம் மரபணு. வைரஸ் வைத்திருக்கிறதென்றால் சும்மா வைத்திருக்காது என்ற எண்ணத்தில் சியாட்டிலில் ஒரு மருந்து நிறுவன ஆய்வகம் அந்த வைரஸ் புரதத்தையே செய்து பார்த்தது. செல்களின் மேற்பரப்பில் அது போய் ஒட்டும் ஏற்பியையும் கண்டது. 1995இல் இன்டர்லியூக்கின் 17 என்ற பெயர் பிறந்தது. தோலும் மூட்டும் அழற்சியில் வேகும்போது உடல் சுரக்கும் முக்கியத் தூதர்களில் அது ஒன்று என்று பிறகு தெரிந்தது. அதை மறிக்கும் செகுகினுமாப் என்ற மருந்தை சொரியாசிஸ் நோயாளிகளுக்காக அமெரிக்கா 2015இல் அனுமதித்தது. இன்று தோல் நோய் மருத்துவர்கள் எழுதித் தரும் அந்த ஊசியின் வம்சாவளியில் ஓர் அமேசான் குரங்கின் வைரஸும் இருக்கிறது.

சௌத்பரோ மையம் அதே 2015இல் மூடப்பட்டது. முத்தையா டேனியலை மீண்டும் சந்திப்போம் என்றோமல்லவா? அதே மையத்தில், எதிர்ப்பாற்றல் அற்று மெலிந்து செத்துக்கொண்டிருந்த மக்காக் குரங்குகளிலிருந்து எய்ட்ஸ் வைரஸின் குரங்கு உறவை, இன்று எஸ்.ஐ.வி. என்று அழைக்கப்படுவதை, பிரித்தெடுத்து 1985இல் சயன்ஸ் இதழில் அறிவித்த கட்டுரையின் முதல் பெயர் அவருடையது. அது தனிக் கதை.

எய்ட்ஸ் என்றதும் இந்தக் கதையும் அங்கேதான் திரும்புகிறது. வியன்னாவில் மோரிட்ஸ் கபோசி 1872இல் விவரித்த அபூர்வமான தோல் புற்று, 1981 முதல் அமெரிக்காவின் இளம் எய்ட்ஸ் நோயாளிகளின் உடலில் ஊதா நிறத் திட்டுகளாகப் பூத்தது. இதற்குப் பின்னால் ஒரு தொற்றுக்கிருமி இருக்க வேண்டும் என்று நோய் பரவிய விதம் சொன்னது. பத்து வருடமாக ஆளாளுக்கு ஒரு கிருமியைச் சொல்லிப் பார்த்தார்கள், எதுவும் நிற்கவில்லை. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் யுவான் சாங், பேட்ரிக் மூர் என்ற கணவன் மனைவி வேறு வழி எடுத்தார்கள். ஒரே நோயாளியின் கட்டியிலிருந்தும் நல்ல திசுவிலிருந்தும் டி.என்.ஏ. எடுத்து, இரண்டுக்கும் பொதுவானதை எல்லாம் கழித்துவிட்டு, மிச்சம் என்ன என்று பார்த்தார்கள். இரண்டு சின்னத் துண்டுகள் மிஞ்சின.

அந்தத் துண்டுகள் யாருடையவை? எழுத்துகளை வரிசைப்படுத்தித் தரவுத்தளத்தில் போட்டதும், எப்ஸ்டீன்–பார் வைரஸோடு ஒத்துப்போயின. அதைவிட நெருக்கமான உறவு என்று வந்து நின்றது ஹெர்பிஸ்வைரஸ் சைமிரி. சரியாக இரண்டு வருடம் முன்புதான் அதன் மரபுத்தொகுதி முழுசாக அச்சேறியிருந்தது. அது இல்லையென்றால் அந்தத் துண்டுகளின் ஊர் பேர் தெரிய இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்குமோ. சோதித்த எய்ட்ஸ் நோயாளிகளின் 27 கபோசிக் கட்டிகளில் 25இல் அவை இருந்தன. 1994 டிசம்பரில் வெளியான அந்தக் கண்டுபிடிப்பே கபோசி சர்கோமா ஹெர்பிஸ் வைரஸ். மனித ஹெர்பிஸ் வைரஸ்களில் எட்டாவது.

1996இல் புது வைரஸின் மரபுத்தொகுதியை வாசித்து முடித்தபோது மரபணுக்களுக்கு எண் போட வேண்டியிருந்தது. அணில் குரங்கு வைரஸின் எண்களையே அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இரண்டிலும் 72ஆம் மரபணு சைக்ளின்தான், 74ஆவது செல்லுக்குச் சேதி கடத்தும் ஏற்பிதான். குரங்கு வைரஸில் இல்லாமல் மனித வைரஸில் மட்டும் இருந்தவற்றுக்குத் தனியே கே என்ற எழுத்தோடு வரிசை வைத்தார்கள். கே1 இருந்த இடத்தைப் பார்த்ததும் டெஸ்ரோசியர்ஸின் ஆய்வகத்தில் வளர்ந்த ஜே ஜங்குக்குச் சந்தேகம் தட்டியது. இடது ஓரம். குரங்கு வைரஸில் எஸ்.டி.பி. உட்கார்ந்திருக்கும் அதே இடம். உருவத்தில் இரண்டுக்கும் ஒற்றுமை இல்லை, வேலையில் இருக்குமோ?

மனித வைரஸை நேராகச் சோதிக்க ஏற்ற குரங்கு அப்போது கிடையாது. ஆனால் அணில் குரங்கு வைரஸ் இருந்தது. அதிலிருந்து எஸ்.டி.பி.யை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மனித வைரஸின் கே1ஐ வைத்துத் தைத்தார்கள். இந்தக் கலப்பு வைரஸைச் சாதாரண மார்மோசெட்டுகளுக்குச் செலுத்தினார்கள். 1998இல் முடிவு வெளியானது: லிம்போமா வந்தது.

(தொடரும்)